ஐந்தாவது பெட்டி

என் அண்ணன் சினிமாப் பெட்டி சுமந்தவன். தென்காசிக் கொட்டகையில் ஓடி முடித்த படத்தைச் சைக்கிளில் வைத்துக் கட்டி, குற்றாலத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோவது அவன் வேலை. இரண்டு கொட்டகைக்கும் முதலாளி ஒருவர்தான். சீசன் காலத்தில் ஒரே படத்தை இரண்டு இடத்திலும் போடுவார். ஆனால் வாடகைக்கு எடுப்பது ஒரு பிரதிதான். அதனால் மேட்னி ஆட்டத்தைத் தென்காசியில் இரண்டரைக்கு ஆரம்பிப்பார்கள். அங்கே ஓடி முடித்த பெட்டிகள் வந்து சேரச் சேர, குற்றாலத்தில் ஒன்றேகால் மணி நேரம் பிந்தி அதே படம் ஓடும். நடுவில் மூன்று மைல் ரோடு. அந்த ரோட்டில் என் அண்ணன் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பான்.

இதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் பின்னால் நான் செய்தது கோட்டித்தனமாகத் தெரியும். இங்கிலீஷ் படம் என்றால் ஐந்து பெட்டி. முதல் நடையில் ஒன்றும் இரண்டும் போகும். இரண்டாவது நடையில் மூன்றும் நாலும். கடைசி நடையில் ஐந்தாவது பெட்டி மட்டும். அதைக் குற்றாலத்தில் இறக்கிய கையோடு, அங்கே ஓடி முடித்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தென்காசிக்கு விரட்ட வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு அவை வேண்டுமல்லவா? ஆக, தென்காசியில் ஐந்தாவது பெட்டி ஓடும்போது அண்ணன் மூன்றையும் நாலையும் சுமந்துகொண்டு ரோட்டில் இருப்பான். குற்றாலத்தில் ஐந்தாவது ஓடும்போது திரும்பி வந்துகொண்டிருப்பான். எத்தனையோ படங்களைச் சுமந்தவன் ஒரு படத்தின் முடிவையும் கண்ணால் பார்த்தது கிடையாது.

தமிழ்ப் படமென்றால் அவனுக்குக் கவலை இல்லை. எப்படி முடியும் என்று தெரியும், தெரியாவிட்டாலும் யாராவது சொல்லிவிடுவார்கள். இங்கிலீஷ் படத்துக்குத்தான் சங்கடம். பார்த்தவர்கள் பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் கதை சொல்வார்கள்.

எங்களுக்கு அப்பா இல்லை. அம்மா நெல் அவித்துக் கொடுப்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு பீடி சுற்றினேன். அண்ணனுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. காலையில் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் விடுவான், செயினைத் துடைப்பான், துடைத்துக்கொண்டே முந்தின நாள் பார்த்த படத்தைச் சொல்லுவான். நான் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையை மடித்துத் தூளைப் போட்டு நூல் சுற்றியபடி கேட்பேன். கை பாட்டுக்கு வேலை செய்யும். கதை சொல்லுகிற நாளில் நூறு பீடி கூடுதலாகவே சுற்றியிருப்பேன். அம்மா அண்டா அடுப்புப் பக்கம் நிற்பாள். அவள் கேட்கிறாள் என்று நான் நினைத்ததே இல்லை. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, உங்களுக்கு வேறு சோலி இல்லையா என்று இரண்டு தரம் கத்துவாள், அவ்வளவுதான்.

அந்தப் படம் வந்தது சீனாக்காரன் சண்டை முடிந்த மறுவருஷம், சீசன் முடிகிற சமயத்தில். சண்டைப் படம். வெள்ளைக்காரர்களின் பெரிய யுத்தத்தில் நடக்கிற கதை. எதிரி நாட்டுப் பட்டாளத்துக்காரர்கள் ஏழு பேர் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து ஒரு துறைமுக ஊரில் இறங்குகிறார்கள். துறைமுக வாசலில் கப்பல் நுழைய முடியாதபடி ஒரு பெரிய இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். சங்கிலியை இறக்குகிற சக்கரம் மாதாகோயில் மணிக்கோபுரத்துக்குள் இருக்கிறது. சனிக்கிழமை பொழுது சாயும்போது சங்கிலியை இறக்கிவிட வேண்டும், இவர்களுடைய கப்பல்கள் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அடித்து நொறுக்கும். அதற்காக இந்த ஏழு பேரும் கோயில் மணி பழுது பார்க்க வந்தவர்கள் மாதிரி வேஷம் போட்டு ஊருக்குள் நுழைகிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அப்படியானால் இவர்கள் கெட்டவர்கள்தானே என்று கேட்டேன். அண்ணன் செயினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"மொதப் பெட்டியில மொதல்ல யாரு மூஞ்சியக் காட்டுதானோ அவன்தாம்ட்டி கதாநாயகன். இதுகூடத் தெரியாம என்னத்தப் படம் பாத்த?"

ஏழு பேருக்கும் தலைவன் ஒரு கேப்டன். முதலில் அவன் முகத்தைத்தான் காட்டினார்களாம். கொட்டகையில் தரை டிக்கெட் முழுக்க அவன் பக்கம்தான். அந்த ஊர்ப் போலீஸ்காரன் வந்தால் கூச்சல் போடுவார்களாம். கேப்டன் யுத்தத்துக்கு முன்னால் நிஜமாகவே மணி வார்க்கிற தொழிலாளி. வேஷத்துக்காகக் கோபுரத்தில் ஏறியவன், மணியில் ஒரு விரிசலைப் பார்த்துவிட்டான். பார்த்த பிறகு அவனுக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை வருவதற்குள் அதைச் சரிசெய்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டான். கூட வந்தவர்கள் திட்டுகிறார்கள், கெஞ்சுகிறார்கள். அவன் கேட்கவில்லை.

கேப்டனுக்கு ஊரில் ஒரு தங்கச்சி இருந்தாள். மழை பெய்கிற மலையடிவாரத்து ஊர். மாடி ஜன்னலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். தலையில் கட்டியிருந்த நீல ரிப்பனை அவிழ்த்து அண்ணன் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். வேலை செய்யும்போது கேப்டன் அடிக்கடி பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பான். இந்த இடத்தை நான் நாலு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்த வாரம்தான் அண்ணன் குற்றாலத்துக் கடையிலிருந்து எனக்கு ஒரு நீல ரிப்பன் வாங்கிவந்திருந்தான். அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே நிறமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான்.

நாலாவது பெட்டியின் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக்காரச் சட்டைக்குக் கீழே பட்டாளத்துப் பூட்ஸைப் போலீஸ்காரன் பார்த்துவிடுகிறான். ஆறு பேர் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், பிடிபடுகிறார்கள். கேப்டன் மட்டும் கோபுரத்துப் படியில் ஓடி ஏறுகிறான். கீழே ஊரே திரண்டு நிற்கிறது. கடலில் மூடுபனிக்குள் அவனுக்காக ஒரு படகு காத்திருக்கிறது. அதோடு பெட்டி முடிந்துவிடும்.

"அப்புறம்?"

"அப்புறம் அஞ்சாவது பெட்டி."

கடைசி நாள் ஆட்டம் முடிந்த பிறகு, பிரதியைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் ஆப்பரேட்டரிடம் கேட்டு ஐந்தாவதை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்றான். படம் வந்த நாலாம் நாள் மழையில் நனைந்து வந்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல். அப்புறம் கண்ணெல்லாம் மஞ்சள். பச்சிலை கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் போய்விட்டான். இருபத்துநாலு வயசு.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவனிடம் தண்ணி வேண்டுமா, வலிக்கிறதா என்று கேட்டார்கள். நான் கேட்டது கேப்டனைப் பற்றி. அண்ணன் சாவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதனால் கேட்டேன். உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னான்:

"நானே பாக்கலட்டி. பாத்துட்டுச் சொல்லுதேன்."

அதற்கப்புறம் அவன் என்னிடம் எதுவும் பேசவில்லை.

படம் பார்த்தவர்களையெல்லாம் கேட்டேன். சோடாக்கடைக்காரர் கேப்டன் படகில் தப்பிவிட்டதாகச் சொன்னார். பீடிக் கம்பெனிக் கணக்கர், தூக்கில் போட்டார்கள் என்றார். ஆப்பரேட்டரைக் கேட்டதற்கு, நான் படத்தையா பார்க்கிறேன், மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியைப் பார்க்கிறேன் என்றார். ஜன்னலில் நின்ற தங்கச்சியைப் பற்றிக் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஆம்பளைகளுக்கு இதெல்லாம் எங்கே மனசில் நிற்கும் என்று விட்டுவிட்டேன்.

சைக்கிள் அண்ணனுடைய சொந்த சைக்கிள். பின்னால் பெட்டிக்காக அடித்த அகலமான இரும்பு கேரியர். விற்றுவிடலாம் என்றார் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கூலக்கடை பஜாரில் கடை வைத்திருக்கிறார், எங்கள் வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான். நான் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தினமும் வெளிச்சம் வருவதற்கு முன் குளத்தங்கரைக்கு உருட்டிக்கொண்டுபோய் ஓட்டிப் பழகினேன். முழங்கால் இரண்டிலும் தோல் இல்லாமல் போனது. அம்மா மஞ்சளை இழைத்துக் கொடுத்தாள், எதற்கு என்று கேட்கவில்லை.

மறுவருஷம் ஆடி மாதம். சீசன் நன்றாக விழுந்திருந்தது. நோட்டீஸ் வண்டி கொட்டடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. வண்டித் தட்டியில் ஒரு மணிக்கோபுரமும் அதன் முன்னால் ஒரு வெள்ளைக்காரன் முகமும். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. அது தேவையும் இல்லை. தட்டில் இருந்த தூளெல்லாம் கீழே கொட்டிவிட்டது.

அண்ணனுக்குத் தலைத்திவசம் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கோயில் கொடை விழாவுக்குப் போகக்கூடாது, கல்யாணத்துக்குப் போகக்கூடாது, சினிமாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படம் மூன்று நாள்தான். நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள், வேண்டாம் என்ற பிறகு போனால் அது பெரிய தப்பாகிவிடும். முதல் நாளே, சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேட்னிக்குப் போய்விட்டேன்.

பொம்பளைகள் பக்கத்தில் என்னைச் சேர்த்து நாலு பேர். இங்கிலீஷ் படத்துக்கு அதுவே அதிகம். நியூஸ் ரீல் முடிந்து படம் ஆரம்பித்ததும் எனக்குத் திக்கென்றது. படம் கறுப்பு வெள்ளை. நீல ரிப்பன் எப்படி நீலமாகத் தெரிந்தது அவனுக்கு? சரி, தங்கச்சி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கேப்டன் முகத்தைத்தான் முதலில் காட்டினார்கள். தரையில் விசில் பறந்தது. நீர்மூழ்கிக் கப்பல் வந்தது, துறைமுகம் வந்தது, சங்கிலி வந்தது. எல்லாம் அண்ணன் சொன்னபடி. தங்கச்சி மட்டும் வரவில்லை. இரண்டாவது பெட்டியும் முடிந்தது. பெட்டி மாற்றுகிற இடைவெளியில், வெளியே பெட்டிக்காரர் ஒன்றையும் இரண்டையும் கட்டுகிற சத்தம் கேட்டது. இப்போது வந்திருக்கும் பெட்டிக்காரர் நாற்பது வயசுக்காரர், பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கியவர். அண்ணன் வேலையில் வந்து உட்கார்ந்தவர் என்று எனக்கு அவர்மேல் ஒரு வெறுப்பு. ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மூன்றாவது பெட்டியில் கேப்டன் கோபுரத்தில் உட்கார்ந்து பையிலிருந்து எதையோ எடுத்தான். நான் எட்டிப் பார்த்தேன். டேப்பு. தையல்காரர் கழுத்தில் போட்டிருப்பாரே, அளவெடுக்கிற துணி டேப்பு. மணியின் வாயை அளந்தான், சுருட்டி உள்ளே வைத்தான். இன்னொரு தரமும் எடுத்தான். அப்போதும் டேப்புதான்.

அண்ணன் மூன்றாவது நாலாவது பெட்டிகளை எப்போதும் துண்டு துண்டாகத்தான் பார்த்திருப்பான். போகிற அவசரத்தில் வாசலில் நின்று ஒரு கண், வருகிற அவசரத்தில் ஒரு கண். தப்பாகப் பார்த்தானோ? தங்கச்சி ஐந்தாவது பெட்டியில் இருப்பாளோ? ஆனால் ஐந்தாவதை அவன் பார்க்கவே இல்லையே. எனக்குப் படத்தில் கண் போகவில்லை. நாலாவதும் முடிந்தது. கேப்டன் படியில் ஏறினான். விளக்குப் போட்டார்கள்.

ஐந்தாவது பெட்டியை மாட்டுவதற்குள் திரையில் ஒரு சிலைடு விழுந்தது. வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் கொட்டகையில் சொன்னால் போதும், கண்ணாடியில் மையால் எழுதிப் போடுவார்கள். பிரசவ வலி, சாவு, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, எல்லாம் இப்படித்தான் வரும். இது ஆப்பரேட்டர் கையெழுத்து:

காலமான பெட்டிக்கார அண்ணாச்சி தங்கச்சி உடனே வாசலுக்கு வரவும்.

கொட்டகை முழுவதும் பொம்பளைகள் பக்கம் திரும்பியது. எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. அண்டா கவிழ்ந்துவிட்டதோ, வெந்நீர் கொட்டிவிட்டதோ. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன். வாசலில் சித்தப்பா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அம்மைக்கு என்ன சித்தப்பா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. ஒனக்குத்தான் என்னமோ ஆயிட்டு. நட வீட்டுக்கு."

உள்ளே ஐந்தாவது பெட்டி ஓட ஆரம்பித்தது. கதவுக்கு வெளியே சத்தம் மட்டும் கேட்டது, துப்பாக்கிச் சத்தம். பெட்டிக்காரர் மூன்றையும் நாலையும் கட்டிக்கொண்டு கிளம்பினார். சித்தப்பா முன்னால் நடந்தார். நான் அழவில்லை. அழுதால் அவர் ஜெயித்தது மாதிரி ஆகிவிடும். நாளைக்கு வருவேன், நாளைக்கு விடாவிட்டால் நாளன்றைக்கு வருவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். செருப்பில்லாத காலில் ஜல்லி குத்தியது.

வீட்டில் அம்மா அவித்த நெல்லைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். சாரல் விழுமோ என்று மேலே மேலே பார்த்தபடி. சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் செத்த சாம்பல் ஆறவில்லை, அதற்குள் இவளுக்குச் சினிமா கேட்கிறது, அதுவும் தரை டிக்கெட் காலிகள் எதிரிக்குக் கைதட்டுகிற இங்கிலீஷ் படம், என்று. அம்மா நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தன பெட்டி பாத்த?"

"நாலு."

"அஞ்சாவது?"

"சித்தப்பா கூட்டிட்டு வந்துட்டாவ."

அம்மா காலை நிறுத்தினாள். "குத்தாலத்துல அஞ்சாவத அஞ்சேகாலுக்குல்லா போடுவான்," என்றாள்.

இத்தனை வருஷமாக அண்ணன் எப்போது எந்த நடை போகிறான், எப்போது திரும்புகிறான் என்று இவள் நெல் அவித்துக்கொண்டே கணக்கு வைத்திருந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் அவனை அந்த ரோட்டில் தொடர்ந்து போயிருக்கிறாள். மணி அப்போது நாலரை தாண்டியிருந்தது.

"சைக்கிள எடு," என்றாள் அம்மா. "அந்தப் புள்ள ரிப்பனக் குடுத்துட்டு நிக்காளே, அவகிட்ட வந்து சேந்தானா இல்லியான்னு பாத்துட்டு வந்து சொல்லு. எனக்கும் ஒரு வருசமா அதான் ஓடுது."

"மதினி, ஊரு என்ன சொல்லும்?" என்றார் சித்தப்பா.

"ஊருதான் சிலைடுல பாத்துட்டே தம்பி. இனி என்ன மிச்சம் இருக்கு?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "தாவணிய இழுத்துச் சொருவு. செயின்ல மாட்டிக்கிடும்."

சைக்கிளை எடுத்தேன். பகல் வெளிச்சத்தில், ஊர் பார்க்க, அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறினேன். கடைத்தெருவில் ஒருவர் ஏதோ கேலி பேசினார், என்னவென்று காதில் விழவில்லை. மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. எதிரே அருவியில் குளித்தவர்களை ஏற்றி வருகிற குதிரை வண்டிகள், தலையில் துண்டோடு ஆட்கள். மேட்டில் மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நகரவில்லை. அண்ணன் இந்த மேட்டில் இரண்டு பெட்டியோடு ஏறுவான். எனக்குப் பெட்டிகூட இல்லை. எழுந்து நின்று மிதித்தேன். ஐந்தேகால், ஐந்தேகால் என்று எண்ணிக்கொண்டே மிதித்தேன்.

பின்னால் மணி அடித்தது. பெட்டிக்காரர். கேரியரில் தார்ப்பாய் சுற்றிய ஒரே பெட்டி. என் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"ஏ பிள்ள, எதுக்கு இப்பிடி மூச்சு வாங்குத?"

ஐந்தாவது பெட்டி ஆரம்பிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றேன். அவர் சிரித்தார்.

"பெட்டி ஏங்கிட்டல்லா இருக்கு. நீ முன்னால போயி என்னத்தப் பாக்கப் போற?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பத்து மாதத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் மெதுவாகவே போனோம். கேப்டன் என்ன ஆனான் என்பது என் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் நனையாமல் வந்துகொண்டிருந்தது. முடிவு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். வேலைக்கு வந்த பிறகு ஒரு முடிவும் பார்த்ததில்லையாம். முன்னால் இருந்த பையன் எப்படித் தெரிந்துகொள்வான் என்று என்னிடமே கேட்டார். அவனுக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு, பார்த்துவிட்டு எனக்கும் சொல்லு என்றார்.

குற்றாலத்துக் கொட்டகை வாசலில் சைக்கிளைப் பார்த்ததும் டிக்கெட் கிழிக்கிறவர், என்ன, இன்றைக்கு இரண்டு பேரா பெட்டி கொண்டுவருகிறீர்கள் என்றார். பிறகுதான் எந்தச் சைக்கிள் என்று பார்த்தார். அந்தக் கேரியரை அவருக்குத் தெரியும். வாசல் கயிற்றைத் தூக்கி என்னை உள்ளே விட்டார்.

ஈரத் தாவணியோடு மணலில் உட்கார்ந்தேன். ஐந்தாவது பெட்டி ஓடியது.

கேப்டன் கோபுர உச்சிக்குப் போய்விட்டான். அங்கிருந்து எல்லாம் தெரிகிறது. மூடுபனிக்குள் அவனுக்கான படகு தெரிகிறது. அதற்கு அப்பால் அவன் நாட்டுக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதும் தெரிகிறது. கரையில் பீரங்கிகளைத் திருப்பி வைத்துக் காத்திருக்கிறார்கள். உள்ளே வந்தால் ஒருவனும் மிஞ்சமாட்டான். பின்பக்கம் கயிறு கட்டி இறங்கினால் இவன் மட்டும் தப்பிக்கலாம். கயிற்றைக் கையில் எடுத்தும்விட்டான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு மணியை அடிக்க ஆரம்பிக்கிறான். இரண்டு நாளாக இழைத்துச் சரிசெய்த மணி. கப்பல்களுக்குக் கேட்கிறது, ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. கீழேயிருந்து சுடுகிறார்கள். அவன் அடித்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் மணிக்கயிறு மட்டும் ஆடுகிறது. படகு காலியாகத் திரும்பிப் போகிறது.

தங்கச்சி வரவில்லை. ஜன்னல் வரவில்லை. மழை பெய்கிற ஊர் வரவில்லை.

கொட்டகையில் ஒரு விசில் சத்தம் இல்லை. அப்புறம் கொடியைக் காட்டித் தேசிய கீதம் போட்டார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம். எதிரி நாட்டுக்காரனுக்காக மூக்கைச் சிந்திவிட்டு நேராக நின்றோம்.

திரும்பி வரும்போது அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். படகில் ஏறிவிட்டான், தங்கச்சியிடம் வந்து சேர்ந்துவிட்டான், ரிப்பனைத் திருப்பிக் கொடுத்தான் என்று சொல்லிவிடலாம். அண்ணன் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பான். மேலகரம் வரும்வரை அந்தக் கதையை முழுக்கக் கட்டிவிட்டேன். நன்றாகத்தான் வந்தது.

வீட்டில் அம்மா நெல்லை அள்ளி முடித்திருந்தாள். வாசலிலேயே என் முகத்தைப் பார்த்தாள்.

"செத்துட்டானா?"

"ஆமா."

"அவ?"

கட்டிய கதை எங்கே போயிற்றோ. "எம்மா, படத்துல அப்பிடி ஒரு தங்கச்சியே கெடையாது," என்றேன். "ரிப்பனும் கெடையாது. அது டேப்பு."

அம்மா தட்டைக் கழுவி முன்னால் வைத்தாள், சோறு போட்டாள். நான் இரண்டு வாய் வைத்த பிறகு, அப்படியானால் முதலிலிருந்து சொல் என்றாள். படத்தில் இருப்பது எது, அண்ணன் வைத்தது எது என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள். சொன்னேன். மணி விரிசல் படத்தில் உண்டு. கேப்டன் மனசு கேட்காமல் உட்கார்ந்தது படத்தில் உண்டு. போலீஸ்காரன் பொண்டாட்டிக்குப் பயப்படுவது இல்லை, அது அண்ணன் வைத்தது. கோயில்காரர் கேப்டனுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருவது இல்லை. அம்மா அந்த இடத்தில் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பினாள். அவன் சொன்ன கதையில் கேப்டன் கூடவே ஒரு நாய் வருமே என்று கேட்டாள். அது எனக்கு நினைவில்லை, பார்த்தேனா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அம்மா விடவில்லை. நன்றாக யோசி, நன்றாக யோசி என்றாள்.

மறுநாள் மத்தியானம் அம்மா நெல் போடவில்லை. வெள்ளைச் சேலையைத் துவைத்துக் காயவைத்திருந்தாள், அதைக் கட்டிக்கொண்டாள். சித்தப்பா கடை வழியாகத்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். குடையை விரித்து மறைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். மழையா பெய்கிறது என்று கேட்டுவிட்டுக் கடைக்கு நேர் எதிரே நடந்தாள். சித்தப்பா தராசைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

பொம்பளைகள் பக்கம் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும். படம் ஆரம்பித்ததிலிருந்து அம்மா என் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இது, என்று கேட்பாள். படம், என்பேன். ஏதாவது வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் திரும்பி என்னைப் பார்ப்பாள். அது அவன், என்பேன். நாய் இரண்டாவது பெட்டியில் வந்தது, துறைமுகத்தில் மீன் கூடைகளுக்கு நடுவில், ஒரே ஒரு தரம் குறுக்கே ஓடியது. அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். மூன்றாவது பெட்டியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேப்டன் டேப்பை வெளியே எடுத்தபோது அவளாகவே சொன்னாள், மெதுவாகக்கூட இல்லை, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஆம்பளைகளுக்கும் கேட்டிருக்கும்:

"இந்தா, இதத்தான் எம்மவன் ரிப்பன் ஆக்கிட்டான்."

நாலாவது பெட்டி முடிந்து விளக்குப் போட்டார்கள். சிலைடு வருமோ என்று நான் திரையையே பார்த்தேன். வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லத் திரும்பினால், அம்மா காலை மடக்கி நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தாள். வெளியே பெட்டிக்காரரின் சைக்கிள் மணி கேட்டது. மூன்றும் நாலும் குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டன.